இருநூற்றுப் பதின்மூன்றாம் வில்லை

ஜனவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீயும் அண்ணியும் சுகம்தானே? குளிர் ஆளை முடக்கிப் போடுகிறது என்று எழுதியிருந்தாய். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? பாப்பா என்னைவிட இரண்டு விரல் உயரமாகிவிட்டாள். பாப்பா என்று கூப்பிட்டால் முறைக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்த்த கப்பல் கட்டும் யார்டுக்கு வருகிற அக்டோபரில் ஐம்பது வயது. பொன்விழா மலர் அச்சடிக்கும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. இத்தனை வருஷம் அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், "கம்பெனி வரலாற்றையும் நீங்களே எழுதிடுங்க, உங்களுக்கு நல்லா வரும்" என்று அச்சக முதலாளி தலையில் கட்டிவிட்டார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

பதினோரு வருஷம் கழித்து அந்த வாசலுக்குள் கால் வைத்தேன். வாசலுக்கு வலப்பக்கம் ஒரு கல், வேலையில் செத்தவர்கள் பெயரோடு. ஒன்பது பெயர். பாப்பாவின் அப்பா பெயர் இல்லை. விழாவுக்குப் புதுக்கல் வைக்கப்போகிறார்கள், அதிலும் ஒன்பதுதானாம். மலரில் விபத்துகளைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. அதற்குக் கம்பெனி கொடுத்த குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: 'தூர்வாரும் கப்பலின் ஏழாம் எண் தொட்டியில் இறந்த வெல்டர், வேலை முடிந்து வெளியேறிய பின், செம்புக் கம்பி திருடுவதற்காகத் திரும்ப உள்ளே நுழைந்தவர். ஆகவே இது பணியில் நேர்ந்த மரணம் அல்ல.' என் புருஷனைத் திருடன் என்று எழுதியதற்கு நான் முற்றுப்புள்ளி சரிபார்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டுமாம்.

மேனேஜரிடம் போய் நின்றேன். புதியவர். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா விசாரணை முடிவு எழுத்துல இருக்கே. அதுக்கு எதிரா எழுத்துல ஏதாவது கொண்டு வாங்க. பாராவையும் மாத்துறேன், கல்லுலயும் பேரைச் சேர்க்கிறேன்" என்றார்.

நீ அங்கே பதினான்கு வருஷம் இருந்தவன். கம்பெனிக் கதை முழுவதும் உனக்கு அத்துப்படி. எனக்கு எழுது. அவர் கதையையும் சேர்த்து எழுது. பொறுமையாக எழுது, காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தங்கை

---

ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். பாப்பாவின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, நல்ல செருப்பு வாங்கி வைக்கிறேன்.

யார்டு கதை கேட்டிருக்கிறாய். கேள். ஆரம்பித்தது மூன்றே பேர். ஒரு தச்சர், ஒரு கொல்லர், பிறகு பழைய முதலாளி. முதலாளிக்கு வேலை எதுவும் தெரியாது, தைரியம் மட்டும் உண்டு. உடைத்த கப்பல்களின் தகட்டை எடைக்கு வாங்கி ஒரு சரக்குத் தோணி கட்டினார்கள். அதை நீரில் இறக்குவதற்குச் சரிவுக் கட்டைகளில் கொழுப்பும் சோப்பும் தடவினார்கள். காலையில் ஊரைக் கூட்டி வைத்துக் கட்டையைத் தட்டிவிட்டால், தோணி பாதி வழியில் நின்றுவிட்டது. வெயிலில் சோப்பு காய்ந்து பசையாகிவிட்டதாம். இழுத்தார்கள், தள்ளினார்கள், திட்டினார்கள். அது கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையவே இல்லை. ஊரும் சிரித்துவிட்டுக் கலைந்தது. மூன்றாம் நாள் மழை தூறியது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், யாரும் தொடாமல், தோணி தானாகக் கிளம்பிப் போய்விட்டது. உள்ளே ஆளும் இல்லை, கயிறும் இல்லை. முதலாளி எச்சில் கையோடு கரையில் ஓடியிருக்கிறார். "நில்லு, நில்லு" என்று தோணியைப் பார்த்துக் கத்தினாராம். இதை மலரில் போடு. ஜனங்கள் ரசிப்பார்கள்.

அதற்கப்புறம் இழுவைப் படகுகள், பிறகு படகுத்துறைகள், அலைதடுப்புச் சுவர். நான் சேர்ந்தபோது எண்பது வெல்டர்கள். அதெல்லாம் அடுத்த கடிதத்தில்.

மற்றதைப் பற்றி என்ன எழுத? மாப்பிள்ளை போனது போனதுதான். பழசைக் கிளறினால் உனக்குத்தான் நோவு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்

---

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கால் அளவு இத்துடன் இருக்கிறது. இரண்டு மாதத்தில் இதுவும் பத்தாது, அரை அங்குலம் கூட்டியே வாங்கு.

தோணிக் கதையை அச்சகத்தில் படித்துக் காட்டினேன். முதலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சம்பந்தியை மட்டும் எடுத்துவிட்டேன்.

யார்டில் எனக்குப் பதிவேட்டு அறையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மேலே தகரக் கூரை, கீழே கட்டுக்கட்டாகக் காகிதம். எந்தக் கட்டைப் பிரித்தாலும் கரப்பான் ஒன்று வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. வாசல் பதிவேடு கிடைத்தது. அவர் இறந்த அந்த வியாழக்கிழமைப் பக்கத்தையும் பார்த்தேன்.

விதி என்ன என்று இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, அதில் எண். தொட்டிக்குள் இறங்குகிறவர் மேலே பலகையில் தன் வில்லையை மாட்டிவிட்டு இறங்கவேண்டும், ஏறியதும் எடுத்துக்கொள்ளவேண்டும். பலகை காலியாக இருந்தால்தான் மேஸ்திரி தொட்டியின் மூடியைப் போட்டு முடுக்கலாம். சங்கு ஊதிய பிறகு அதே வில்லையை வாசலில் கொடுத்துவிட்டு வெளியே போகவேண்டும். அவருடையது 213. அது அன்று ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு வாசலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவர் வெளியே போனார், பிறகு மூடி போடும் முன் திருடத் திரும்பி வந்தார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 'அவர் என்னுடன்தான் வெளியே வந்தார்' என்று உடன் வேலை பார்த்த ஒரு வெல்டர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஒரே வரி. அந்த ஒரு வரியில்தான் விசாரணை முழுவதும் நிற்கிறது. அண்ணா, அந்த வெல்டர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்குமே. எழுது.

இப்படிக்கு,
தங்கை

---

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

சௌக்கியம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரு பெரிய கப்பல் அவசரமாக முடிக்கவேண்டியிருந்தது.

அலைதடுப்புச் சுவரைப் பற்றிக் கேள். இரண்டு வருஷம் பாறை கொட்டினோம். பகலெல்லாம் கொட்டுவோம், காற்று மாறினால் ஒரே வாரத்தில் கடல் வாரிக்கொண்டு போய்விடும். பழைய முதலாளி தினமும் கரையில் நின்று கடலோடு சண்டை போடுவார். பிறகு ஒரு முங்குநீச்சல்காரர்தான், "பாறையை இல்ல சார், அடியில இருக்கிற மணலைத்தான் கடல் எடுக்குது" என்று கண்டுபிடித்தார். அதற்காகத்தான் தூர்வாரும் கப்பலை நாமே கட்டுவது என்று முடிவானது. நான்கு படகுத்துறை, இரண்டு மிதவை மேடை, பதினேழு இழுவைப் படகு. கணக்காக எழுதிக்கொள். படகுத்துறைத் தூண்களை அடித்து இறக்கும்போது தெருவில் வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும், உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ கேட்ட ஆள் யாரென்று எப்படிச் சொல்வது? எண்பது பேர். சிலர் வேறு ஊர் போய்விட்டார்கள், சிலர் போயே சேர்ந்துவிட்டார்கள். மூடியைப் போட்ட மேஸ்திரியும் இப்போது இல்லை. விட்டுவிடம்மா.

செருப்பு வாங்கிவிட்டேன். அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

---

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். காய்ச்சல் ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. உங்கள் இருவர் நலனையும் எழுது.

போன வாரம் பாப்பாவின் பள்ளியில், அறிவியல் கூடத்தில் ஒரு சுருள் செம்புக் கம்பி காணாமல் போயிற்று. ஆசிரியை வகுப்பில் பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இவ அப்பா கிட்ட கேளுங்க மிஸ்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. பாப்பா வீட்டுக்கு வந்து பையை வைத்தாள், முகம் கழுவினாள், பாடம் எழுத உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோதுதான், "அப்பா நிஜமாவே எடுத்தாராம்மா?" என்று கேட்டாள். அவர் அடுத்தவர் குடையைக்கூட மழை நின்றதும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். இதை என் பெண்ணுக்கு நான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாளே கழுகைத் தேடிப் போனேன். முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், எப்போதும் உச்சியிலேயே உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர். பல் போய்விட்டது, நினைவு போகவில்லை. வில்லை விதியைச் சொன்னதும் சிரித்தார். "விதி பலகையிலதாம்மா இருக்கும். தொட்டிக்குள்ள ரெண்டு ரெண்டு பேராத்தான் இறங்குவாங்க. சங்கு ஊதுனா முதல்ல ஏறுறவன் ஜோடியோட வில்லையையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போய் வரிசையில நிப்பான். ரெண்டையும் அவனே குடுத்துருவான். பின்னால வர்றவன் கையை ஆட்டிட்டுப் போயிருவான். வாசல்காரனுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம். இல்லைன்னா ஒரு மணி நேரம் வரிசையில காயணுமே" என்றார்.

ஆக, 213 வாசலுக்கு வந்தது. அவர் வரவில்லை. பலகை காலியாக இருந்ததால் மேஸ்திரி மூடியைப் போட்டுவிட்டார். எவ்வளவு சாதாரணமாக ஒரு உயிர் போயிருக்கிறது பார்.

கழுகின் பேச்சை மேனேஜர் ஏற்கவில்லை. பொதுப் பழக்கத்தைச் சொன்னால் போதாது, அன்றைக்கு நடந்ததைத் தெரிந்த ஆள் எழுதித் தரவேண்டும் என்கிறார். அன்று அவருடைய ஜோடி யார், அண்ணா? அவர் எழுதிக் கொடுத்தால் போதும். ஆகஸ்ட் பதினைந்துக்குள் அந்தப் பக்கம் அச்சேறவேண்டும்.

இப்படிக்கு,
தங்கை

---

ஜூன் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். ஏப்ரல் கடைசியில் எழுதிய கடிதம் கிடைத்ததா? செருப்பு வந்து சேர்ந்தது. கூட ஒரு வரிகூட இல்லையே. பாப்பாவுக்குச் சரியாக இருக்கிறது. ஆகஸ்ட் பதினைந்து.

இப்படிக்கு,
தங்கை

---

ஜூலை 1

அன்பு நாத்தனாருக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்கவேண்டும். நான் எப்போதும் உன் அண்ணன் கடிதத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவதோடு சரி. இன்று தனியாக எழுதவேண்டிய நிலைமை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அவர் சரியாகச் சாப்பிட்டு இரண்டு மாதமாகிறது. மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார், கிழிக்கிறார். குப்பைக் கூடையைக் கொட்டும்போது பார்க்கிறேன், எல்லாம் 'அன்புத் தங்கைக்கு' என்பதோடு நிற்கிறது. இங்கே யார்டில் சாயங்காலச் சங்கு ஊதினால், எல்லாரும் வெளியே வரும் வரைக்கும் இவர் வாசலிலேயே நிற்கிறாராம். கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள். "ஏன் இப்படி?" என்று கேட்டால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்று எரிந்து விழுகிறார். கல்யாணம் ஆன நாளாக என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனுஷன்.

கம்பெனிக் கதைதானே கேட்கிறாய்? அதற்கு ஏன் இவர் இப்படி ஆகிறார்? எதைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
அண்ணி

---

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் தனியாக எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. அண்ணனை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று எழுத என்னால் முடியாது. பாப்பா பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சுக்கு மாற்றி உட்காரவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறதாம், முன்னால் இருந்தால் சிரிக்கிறவர்கள் முகம் தெரியாதாம். இந்தக் கடிதத்தை அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். நான் எதையும் மறைத்து எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

ஆகஸ்ட் 3

தங்கைக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணி உன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள், "படிச்சுச் சொல்லுங்க" என்று. அவளிடம் முதலில் சொன்னேன். இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அவருடைய ஜோடி நான்தான்.

அந்த வியாழக்கிழமை ஏழாம் தொட்டியில் நாங்கள் இருவரும் இருந்தோம். சங்கு ஊதியது. ஒரு அடி பற்றவைப்பு மீதி இருந்தது. "முடிச்சிட்டு வந்துடறேன் மச்சான், நீ போய் வரிசையில நில்லு" என்றார். நான் ஏறினேன். பலகையிலிருந்து 212, 213 இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நூறு தடவை அவர் எனக்குச் செய்தது, நூறு தடவை நான் அவருக்குச் செய்தது. வாசலில் இரண்டையும் கொடுத்தேன். வெளியே சுவரோரம் பத்து நிமிடம் நின்றேன். கூட்டத்தோடு கையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்ததும் உள்ளே அவர் கிடந்தார். அப்போதிருந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அவன் உன்கூட வெளியே வந்தானா?" என்று கேட்டார். "வந்தார் சார்" என்றேன். இல்லை என்று சொன்னால், அப்புறம் வில்லையைக் கொண்டுவந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்தேன். சத்தியமாகத் திருடன் என்று நான் சொல்லவில்லை. வேலை முடிந்து அவர் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்த, உள்ளே செம்புக் கம்பி ஓடும் வெல்டிங் கேபிள் பக்கத்தில் கிடந்தது. நான் 'வந்தார்' என்று சொன்னதும் மீதியை அவர்களே எழுதிக்கொண்டார்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டு மாதத்தில் இந்த ஊர் வேலைக்கு அவர்களே சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

உனக்கு முன்னால் நிற்கும் தைரியம் பதினோரு வருஷமாக இல்லை. பாப்பாவைப் பார்த்து வகுப்பில் சிரித்தார்கள் என்று படித்த அன்று நான் செத்துவிட்டேன். இத்துடன் தனித்தாளில் எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அண்ணியைச் சாட்சி போடவைத்திருக்கிறேன். மேனேஜரிடம் கொடு. யார் கேட்டாலும் நேரில் வந்து சொல்கிறேன். அடுத்த மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதில் ஒன்றையும் நான் விடவில்லை. மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணன்

---

ஆகஸ்ட் 20

அண்ணாவுக்கு,

உன் தாள் பதினொன்றாம் தேதி வந்தது. அன்றே மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "அந்தப் பாராவையே எடுத்துடலாம்மா, யாருக்கும் சங்கடமில்லாம போயிடும்" என்றார். எடுக்கக்கூடாது, மாற்றவேண்டும் என்றேன். கூட வந்திருந்த அச்சக முதலாளி, "மாத்தலைன்னா மலர் என் மெஷின்ல ஓடாது சார், வேற இடம் பாத்துக்குங்க" என்று எழுந்துவிட்டார். அந்த மனுஷன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாரா மாறிவிட்டது. 'உள்ளே வேலையில் இருந்தபோது தொட்டி மூடப்பட்டதால் இறந்தார். அவர் மீது சொல்லப்பட்ட திருட்டுக் குற்றம் பொய்' என்று அச்சாகிவிட்டது. கல்லில் பத்தாவது பெயர் வெட்டுகிறார்கள். எழுத்து வெட்டும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

இனி நான் மறைத்த ஒன்றை எழுதுகிறேன். அந்த வாக்குமூலத்தை நான் பிப்ரவரியிலேயே முழுதாகப் பார்த்துவிட்டேன். கீழே உன் கையெழுத்து இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் போட்டு, என் அண்ணன்தான் என்று அன்றே சொல்லியிருக்கலாம். நீயாகச் சொல்லவேண்டும் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் தபால்காரர் வரும்போது, இதில் இருக்கும் என்று பிரிப்பேன். உள்ளே படகுத்துறை இருக்கும்.

வில்லையை எடுத்ததற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது எல்லாரும் செய்த தப்பு. பயத்தில் பொய் சொன்னதைக்கூட என்றாவது ஒருநாள் பொறுத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தைப் பாப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். விசாரணைக் கட்டில் இருந்த டாக்டர் குறிப்பையும் காட்டினேன். அவள் அழவில்லை. இரண்டையும் திரும்ப ஒருமுறை படித்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, அன்னிக்கு மாமா நம்ம வீட்டுக்கு வந்தாரா?"

வந்தார் என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

ஏழு என்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'அவர் இன்னும் வரலையேண்ணா' என்று நான் உன்னிடம் கேட்டேன். 'அவசர வேலை, தங்கிடுவார், நீ கதவைச் சாத்திட்டுப் படு' என்றாய். அவருக்கு எடுத்து வைத்திருந்ததை உனக்குப் போட்டேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாய். நீ அப்படிச் சொன்னதால்தான் நான் யார்டுக்கு ஓடவில்லை.

பாப்பா டாக்டர் குறிப்பை எடுத்து, உயிர் போன நேரம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். இரவு சுமார் பத்து மணி என்று இருந்தது. என்னைப் பார்த்தாள்.

ஒன்றையும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். இதை விட்டுவிட்டாய். அடுத்த மாதம் வா. வீட்டுக்கே வா. ஏழு மணிக்கு உனக்கு என்ன தெரியும் என்பதை என்னிடம் சொல்லவேண்டாம், அவளிடம் சொல். அவள் கேட்டுவிட்டு என்ன சொல்கிறாளோ, அதுதான் என் பதிலும்.

தங்கை